பத்துக்கு மேல் எண்ணியவர்

முகம்மது கனி ராவுத்தர் மதுரையில் ஒரு தெருப் பள்ளிவாசலில் இருபத்திரண்டு வருஷமாகத் தொழுகைக்கு அழைக்கும் மோதினார். ஒலிபெருக்கி வராத காலம். ஐந்து வேளையும் மினாராவின் ஐம்பத்திரண்டு படிகளை ஏறி, உச்சியில் நின்று பாங்கு சொன்னால்தான் நான்கு தெருவுக்கும் கேட்கும். தொண்டை அவருக்குக் கணீரென்றுதான் இருந்தது. முழங்கால்தான் கைவிட்டுவிட்டது.

எண்ணெய், ஒத்தடம், மூலிகைப் பத்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் மனைவி மைதீன் பீவி அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி, ரங்கூனிலிருந்து திரும்பிப் பசுமலைப் பக்கம் வைத்தியம் பார்த்துவந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். மூட்டு தேய்ந்திருக்கிறது, தேய்ந்தது திரும்பாது என்றார் டாக்டர். மருந்து எழுதவில்லை. முக்காலியில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கச் சொன்னார். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடை பலப்பட்டால் மூட்டின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். மூன்று மாதம் படி ஏறக்கூடாது.

நோன்பு தொடங்க மூன்று மாதம்தான் இருந்தது. முதல் நாளான தலைநோன்பு அன்று மாலை தன் பாங்கைக் கேட்டுத்தான் ஊர் நோன்பு திறக்க வேண்டும் என்பது ராவுத்தரின் ஒரே ஆசை. அதுவரை பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் அப்துல் வஹீது முற்றத்தில் நின்று பாங்கு சொல்வதாக ஏற்பாடு. வஹீதுக்கு ஓட்டைப் பானைக் குரல். நாலு வீடு தாண்டாது.

இரண்டரை மாதத்தில் வலி உண்மையாகவே குறைந்தது. அங்கேதான் மனுஷர் கெட்டார். கையில் எப்போதும் தஸ்பீஹ் மணி இருக்கும். எதை எண்ணினாலும் முப்பத்துமூன்று, அறுபத்தாறு, தொண்ணூற்றொன்பது என்று போய்த்தான் அவருக்குப் பழக்கம். நல்ல காரியத்தைப் பத்தோடு நிறுத்துவது கஞ்சத்தனமாகப் பட்டது. மைதீன் பீவி தடுத்துப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்? தொண்ணூற்றொன்பது தடவை கால் நீட்டினார். நான்காம் நாள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

"மருந்தா இருந்தா பத்து மடங்கு குடிப்பீரா பாய்?" என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தபின் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வீக்கம் வடிவதற்குள் நோன்பு வந்துவிட்டது. இந்த ஒரு தடவை மட்டும் என்று ராவுத்தர் கெஞ்ச, வஹீதும் மனம் இளகித் தலையாட்டினார். தலைநோன்பு அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததுமே ராவுத்தர் ஏறத் தொடங்கினார். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். பதினெட்டாம் படியில் முழங்கால் பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுவரில் காற்றுக்கு விட்ட துவாரம் வழியே தெரு தெரிந்தது. கஞ்சிக் கோப்பைகளோடு ஜனங்கள் மினாரா உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுது இறங்கியது. அவர் காதில் கை வைத்து, உள்ளதையெல்லாம் கூட்டிப் பாங்கு சொன்னார். குரல் அந்தக் குறுகிய சுற்றுப்படிக்குள்ளேயே முட்டி மோதி நின்றது. தெருவில் ஒரு தலையும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் முற்றத்திலிருந்து வஹீதின் ஓட்டைக் குரல் எழுந்தது. முதல் வீட்டில் கேட்டவர் அடுத்த வீட்டுக்குச் சொல்ல, தெரு முழுக்க நோன்பு திறந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அழுதார்.

வஹீது கஞ்சியோடு ஏறி வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார். கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

"நாளையிலருந்து நானே சொல்லிக்கிறேண்ணே," என்றார்.

ராவுத்தர் சரி என்றார். பிறகு படியில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மெல்ல நீட்டினார். ஐந்து எண்ணி இறக்கினார். அன்று பத்தோடு நிறுத்திக்கொண்டார்.