ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மாலை கட்டிக் கொடுத்த பூக்காரப் பெண், "ஏக்கா, அண்ணனுக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்துச்சே, தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதானக்கா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சீங்க. அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தாரு. நான் கூட வேண்டிக்கிட்டேன்."

மாலைக்காக அந்தப் பெண்ணின் எண்ணைச் சேமித்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் அந்தப் படத்தை வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அம்புட்டுப் பேருக்குமா காட்டுன? என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி என் ஸ்டேட்டஸை யாரெல்லாம் பார்க்கலாம் என்று மாற்றியமைக்க உட்கார்ந்தேன். சிலிண்டர் போடுபவர், பள்ளி வேன் டிரைவர், பழைய வீட்டின் உரிமையாளர் என ஒவ்வொருவராக நீக்கினேன். பூக்காரப் பெண்ணிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்த என் கூடப்பிறந்த தம்பி ஒரு போன் கூடச் செய்யவில்லை. இந்தப் பெண்ணோ வேண்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் கட்டிலில் படுத்திருந்தது நான் இல்லையே.

"பூக்காரப் பொண்ணு பாக்கலாமா, வேணாமாங்க?" என்று கணவரிடமே கேட்டேன்.

"தெரியலயே. தையல் பிரிச்சாச்சுன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா?" என்றார்.

நான் சொல்லியிருக்கவில்லை. யாரை நீக்குவது, யாரை விடுவது என்று புரியாமல் போனை மூடி வைத்தேன்.