அத்தையின் எலும்புக் குழம்பு

என் அத்தை எழுதிய சமையல் புத்தகம் இப்போது அரியலூர்க் கடைகளில் கிடைக்கிறது. செந்துறைப் பக்கத்து வீடுகளில் அன்றாடம் கொதிக்கும் குழம்பும் அரைக்கும் துவையலும்தான் அதில் இருக்கின்றன. பெயர்கள் மட்டும் பேய்க்கதைகளிலிருந்து வந்தவை. முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு அதில் எலும்புக் குழம்பு. பச்சை முந்திரிப் பொரியல், பேய்ப்பல். கறுப்பு எள்ளுப் பொடி, சுடுகாட்டுச் சாம்பல். ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் அரைப் பக்கத்துக்கு ஒரு பேய்க்கதையும் உண்டு.

புத்தகம் பாதி முடிந்திருந்த சமயம் எனக்கு எட்டு வயது. அப்பாவின் ஒரே தங்கையான அத்தைக்கு முப்பது தாண்டியிருந்தது, எங்களோடுதான் இருந்தார். பூலாம்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. வந்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"கல்யாணத்துக்கப்புறம் இந்தப் பேய் பிசாசு எழுதற வேலையெல்லாம் வேணாங்க."

"அதெல்லாம் எழுத மாட்டாங்க" என்றார் அப்பா, அத்தையைக் கேட்காமலே.

அடுத்த ஞாயிறு கை நனைக்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் எங்கள் பக்கம் சம்பந்தம் உறுதி. அதுவரை காபியோடு சரி. அன்றைய சமையல் முழுக்க அத்தையுடையது. எள்ளுப் பொடிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"நான் வெச்ச பேரைச் சொல்லித்தான் பரிமாறணும். எள்ளுப் பொடின்னு சொன்னே, பாயாசம் கெடையாது."

பந்தியின் ஒரு கோடியில் அம்மா மாப்பிள்ளைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மறு கோடியில் மாப்பிள்ளையின் அம்மா இலைக்குப் போனேன்.

"சுடுகாட்டுச் சாம்பல் வெக்கட்டுங்களா?"

"என்னா சொல்லுது இந்தப் புள்ள?"

"சாம்பலுங்க. அது பேய்ப்பல்லு. அம்மா ஊத்தறது எலும்புக் கொழம்பு."

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சுடுகாடு என்ற சொல் விழுந்ததும் சோற்றை நோக்கிப் போன கைகள் எல்லாம் அப்படியே நின்றன. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமினார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார்.

"யாரும் கை வெக்காதீங்க. கெளம்புங்க."

எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளை எழவில்லை. அதன் பிறகுதான் அவர் கை சோற்றில் இறங்கியது. நிதானமாகப் பிசைந்து, பெரிய உருண்டையாக எடுத்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"டேய், துப்புடா!"

"முழுங்கிட்டேம்மா. கை நனைச்சாச்சு, இனிமே எங்கே கெளம்பறது?"

அவருடைய அம்மா நின்றபடியே மகனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார்.

"அந்தச் சாம்பலை இங்க கொண்டா. எலும்புக் கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல். புத்தகத்துல கொறச்சு எழுதச் சொல்லு உங்க அத்தைய."

சமையலறைக்கு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடே எழுந்து நிற்கும்போது ஒரு வாய் சோற்றை விட மனமில்லாத ஆள், அதிலும் உப்பைக் குறை சொல்கிற ஆள். இவரையா அத்தை கட்டிக்கொள்ளப் போகிறார் என்று அன்று முழுக்க அத்தையோடு நான் பேசவில்லை.