நெஞ்சில் கட்டிய ஆடிட்

பனியன் கம்பெனியில் இருபது வருஷம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த எனக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். ஆடிட்டுக்கு ஜோடனை செய்வது. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் சோதனைக்கு வருகிறான் என்றால் அவசர வழியை அடைத்திருக்கும் அட்டைப்பெட்டிகளை முந்தின நாளே மாடிக்கு ஏற்றி, எல்லோர் மூக்கிலும் மாஸ்க் மாட்டிவிடுவோம். அவன் போன மறுநாள் பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதை என் நெஞ்சிலும் செய்து பார்த்தேன்.

அறுபதைத் தாண்டியதும் கால் குடைச்சல் தாங்கவில்லை. சாயப்பட்டறைச் சிநேகிதர் ஒருவர் வழி காட்டினார். பீடித் தூளை உதறிவிட்டுக் கஞ்சாவை அடைத்து, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. என் வீட்டுக்காரிக்கு அது வெறும் பீடி. கால் வலி என்னவோ அடங்கியது. ஆனால் இழுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தறிகெட்டு ஓடும். நாலு துடிப்பு ஓடி, ஒன்றை விழுங்கி, மறுபடி ஓடும். செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கும். பயம் தெளிய இன்னொன்று இழுப்பேன். இதைவிட மடத்தனம் உண்டா?

ஒருநாள் சாப்பிடும்போது எனக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து அவள் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். "பீடி, குடி, வேற ஏதாவது பழக்கம் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"பீடி மட்டுந்தானுங்க. வேறொரு கெட்ட பழக்கமும் அவருக்கு இல்லீங்க."

அந்தப் பெருமையை உடைக்க எனக்கு வாய் வரவில்லை. ஈசிஜி எடுத்தபோது நெஞ்சும் நல்ல பிள்ளையாக இருந்தது. அதனால் ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் மிஷினை இடுப்பில் கட்டி, ஒயர்களை நெஞ்சில் ஒட்டிவிட்டார். "எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றார்.

அது எப்படி இருக்க முடியும்? இழுத்தால் மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். பொட்டலத்தை ஒளித்துவிட்டுக் கட்டிலிலேயே கிடந்தேன். குளிக்க முடியாது, இழுக்க முடியாது. எரிச்சலில் அவள் மேல் எரிந்து விழுந்தேன். மறுநாள் மிஷினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்ததும் முதல் வேலையாகக் கக்கூசுக்குள் போய்ப் பற்றவைத்தேன்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் சொன்னாள், ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் சிவன்மலை முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று. இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு.

"வேண்டாம் புள்ள."

"சாமி காரியமுங்க. அப்படிச் சொல்லாதீங்க."

அதன்பிறகு நெஞ்சு ஓடுகிறது என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? "ரிப்போர்ட்டே நார்மலுங்க, வாய்வா இருக்கும்" என்று பெருங்காயம் போட்ட மோரை நீட்டுவாள். உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். அவசர வழியை நானே பெட்டி போட்டு அடைத்துவிட்டு உள்ளே நின்றதுபோல் ஆயிற்று.

மலைக்குப் போகிற அன்று காலையிலும் விடவில்லை, இழுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அடிவாரத்தில் அவள் சிரித்த முகமாக முடியைக் கொடுத்தாள். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினாள். பாதி தூரத்தில் எனக்கு நெஞ்சு ஓடத் தொடங்கியது. கண் இருட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்து கையை நீட்டினாள். "படி ஏறுனதுதானுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, வாங்க."

அந்தக் கையைப் பிடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பீடிக்குள் இருப்பது என்ன என்று சொன்னேன். மிஷின் கட்டிய அன்று மட்டும் இழுக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

நீட்டிய கையை அவள் மெல்ல இறக்கினாள். சந்தனம் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் எதுக்குங்க முடி குடுத்தேன்?"

மேலே போகாமலேயே அவள் என் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸைப் பிடித்து நேராக டாக்டரிடம்தான் போனோம். அந்தப் பெண் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, வேறு பழக்கம் உண்டா என்ற பழைய கேள்வியையே கேட்டார். இவள் சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். நானாகச் சொல்லி முடிக்கும் வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.