தோள் மாற்றிப் பார்த்த மாணிக்கம் அண்ணன்

சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். நம்மோடு சுவாமி தூக்கும் தண்டுக்காரர் எத்திராஜ் வந்து நின்றார். "மாணிக்கம் பூட்டாருபா. தூக்கத்துலயே." எனக்கு அழுகைக்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது: எந்தக் குழாய் அடைத்தது? அவரோடு பழகினால் புத்தி அப்படித்தான் போகும்.

பெருமாள் வாகனத்தைத் தோளில் தூக்கும் மரத்தண்டில் எனக்கு முன்னால் நின்றவர் அவர். நெஞ்சுவலிக்கு வேலூர் போய், காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் தைத்துக்கொண்டு திரும்பினார். ஊரே பார்க்க வந்தது. வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார்.

"கால் நரம்ப நெஞ்சுல வெச்சா இன்னாபா ஆவும்?"

"நெஞ்சு தனியா நடந்து போவும்னு பாக்கறேன் மாமா, போவ மாட்டேங்குது."

ஒரு வருடம் கழித்துத் தண்டுக்கு வந்துவிட்டார். டாக்டர் விட்டாரா என்று கேட்டேன். "வேல செய்யலாம்னாரு. சாமி தூக்குறது வேலயான்னு நான் கேக்கல" என்றார்.

அதற்கடுத்த வருடம் சுமக்கும்போது இடது கையும் நெஞ்சும் வலித்தன. இடது தோளில் தூக்குகிறவனுக்கு இடது பக்கம் வலிக்காதா? தைலம் தேய்க்கச் சொன்னோம். நமக்கெல்லாம் இருக்கும் வலிதானே. அவருக்கு மட்டும் சந்தேகம். ஒரு புறப்பாட்டில் வலது தோளுக்கு இடம் மாற்றிக்கொண்டார். இரண்டு தெரு தாண்டிச் சுவாமியை இறக்கியதும் வியர்த்து உட்கார்ந்தார்.

"தண்டு வலப் பக்கம், வலி இடப் பக்கம். இது தண்டு வலி இல்லபா."

"சும்மா இருந்திருக்கலாம் இல்ல? இனிமே உன்னத் தூக்க விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"விட மாட்டாங்க. அதுக்காவத் தெரியாத மாரி இருக்கச் சொல்றியா?"

வேலூருக்கு நானும் போனேன். டாக்டர் படத்தைக் காட்டினார். தைத்த குழாய்களில் ஒன்று நடுவில் நூலாகச் சுருங்கியிருந்தது. நல்ல குழாய் ஏன் இப்படி ஆனது என்று அண்ணன் விடாமல் கேட்டார். காலில் ரத்தம் மெதுவாகப் போகும், இதயத்தில் வேகமாக மோதும், அதைத் தாங்கத்தான் குழாயின் சுவர் உள்ளே தடித்துவிட்டது என்றார் டாக்டர். மறுபடி அறுப்பது ஆபத்து. மாத்திரை மட்டும், இனிச் சுமை கூடாது.

பஸ்ஸில் என் தோளை அழுத்திப் பார்த்தார். "புதுசா தூக்குறவனுக்கு இங்க காய்ச்சிப் போவுது இல்ல? அதுக்கு உள்ள காய்ச்சிப் போச்சு. ஒழுங்கா வேல செஞ்சிருக்குதுபா. அதத் திட்டக் கூடாது."

அந்த வருடக் கருட சேவைக்கு, "நீ தோள மட்டும் வெச்சிக்கோண்ணா, எட நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லோரும் சொன்னோம். அவர் கண் கலங்கியது. "வெச்சிக்கினு? தூக்குனேன்னு எவன் கிட்ட சொல்றது?" என்று கேட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றார்.

சுவாமி அங்கே வந்ததும் அவர் குரல் கேட்டது: "டேய், திரும்புறப்போ முகம் இன்னா அழகா ஆடுது! இத்தினி வருஷம் அடியிலயே இருந்துட்டனே!"

தூக்குகிற நமக்கு முன்னால் போகிறவனின் முதுகுதான் தெரியும். தண்டை விட்ட நாளிலும் பார்ப்பதற்குப் புதிதாக ஒன்று அவருக்குக் கிடைத்தது. அந்தக் கண்ணை நான் வைத்துக்கொள்கிறேன். தண்டுக்காரர்களே, வரும் கருட சேவையில் ஒரு தெரு மட்டும் என் இடத்தில் உங்களில் யாராவது நில்லுங்கள். நான் எதிரே போய் நின்று பார்க்க வேண்டும்.