நான் சொல்லாமல் விட்ட காரணம்

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்த காலம். என்னோடு கானா நாட்டுக்காரர் ஒருவர் பாத்திரம் கழுவினார். அவருடைய ஊரில் வீட்டில் யாருக்காவது ஒப்பரேஷன் என்றால் சொந்தக்காரர்தான் போய் இரத்தம் கொடுக்க வேண்டுமாம். அவரும் பல தடவை கொடுத்திருக்கிறார். தேவாலய மண்டபத்தில் இரத்ததானம் நடந்த சனிக்கிழமை என்னையும் அவர்தான் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே என் இரத்தத்தை எடுத்தார்கள். அவருடையதை எடுக்கவில்லை. சில வாரங்களுக்கு முன் ஊருக்குப் போய் வந்திருந்ததால், மலேரியாவுக்குப் பயந்து, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை, காய்கறி வெட்டும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் பெருமையடித்தேன்.

"அக்கா, என்ர இரத்தத்தை எடுத்தவை. அந்தக் கானாக்காரரை வேண்டாமெண்டு திருப்பி விட்டிட்டினம்."

காரணத்தைச் சொல்லவில்லை.

"அங்கத்தைய ஆக்களிட்ட ஈரல் கிருமி கனக்க இருக்காம் தம்பி. இரத்தம் குடுக்க வாறவையிட்டயே இருக்காமெண்டு ரீவியில சொன்னவை" என்றார் அக்கா. நான் மறுக்கவில்லை.

கிழமை முடிவதற்குள் அந்தக் கதை டொச் மொழியிலும் பரவிவிட்டது. கானாக்காரர் கழுவிய பாத்திரங்களை மற்றவர்கள் மறுபடி கழுவினார்கள். பொறுப்பாளர் அவரைக் கீழே துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றினார்.

அதற்கிடையில் இரத்தம் எடுத்த இடத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஹெபடைடிஸ் சி, அக்கா சொன்ன அதே ஈரல் கிருமி, எனக்கு. எப்போது, எந்த ஊசியால் தொற்றியதென்று வைத்தியராலும் சொல்ல முடியவில்லை. சமையலறை வேலையால் யாருக்கும் பரவாது என்றார். அந்த நிம்மதியில் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு கிழமைதான் தாங்க முடிந்தது. கீழே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படுக்கை விரிப்புகளை மடிப்பதை நிறுத்தவில்லை.

"உனக்கு மருந்து இருக்கிறதா?" என்று டொச்சில் கேட்டார்.

"இருக்கிறது. ஒரு வருடம் ஊசி போட வேண்டும்."

"நல்லது. ஆனால் இதை ஏன் என்னிடம் சொல்கிறாய்? மேலே போய்ச் சொல்."

சரியென்று படியேறினேன். அக்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, முகம் வாடிக்கிடக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா."

மாத முடிவில் கானாக்காரர் வேலையை விட்டுப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊசியால் மெலிந்து, மயிர் கொட்டி, கடைசியில் கிருமி இல்லையென்று முடிவு வந்த பிறகுதான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அந்த மனுசனுக்கு ஒரு வருத்தமும் கிருமியும் இல்லையே?"

"இல்லை அக்கா."

அவர் கதிரையில் உட்கார்ந்து அழுதார். "என்னையும் பாவத்தில மாட்டிப்போட்டாய்" என்றார்.

அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய்க் கானாக்காரருடைய விலாசம் கேட்டேன். தர ஏலாது என்றார்கள்.