சபாநாயகர் கேட்ட விடுப்பு

செய்தி வந்தபோது வஹாப் பாயின் விடுப்புக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. திங்கட்கிழமை காலை. தாம்பரத்தில் கிளம்பிய கடற்கரை ரயில் சானடோரியத்தைத் தாண்டியிருந்தது. பாயின் மகன் ரியாஸ் போனில் கூப்பிட்டான். "அங்கிள், அத்தா விடிகாலைல மவுத்தாயிட்டாங்க." பாய் இறந்துவிட்டார் என்று எதிரில் உட்கார்ந்திருந்த டேனியல் சாரிடம் சொன்னேன். அவர் மற்றவர்களிடம் சொன்னார். குரோம்பேட்டையில் பாதிப் பெட்டி இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்காக நின்றது. அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டிக்காரர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாய் பாரிமுனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவர். ஐந்து வருடம் எங்கள் சபாநாயகராகவும் இருந்தார்.

2004 தேர்தல் முடிந்த சமயம் அது. யார் ஆட்சி அமைப்பது என்று பெட்டிக்குள் பேச்சு முற்றி, சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. பிடித்த கைகளில் ஒன்று என்னுடையது. ஜன்னலோரம் இருந்த பாய் தன் கண்ணாடிக் கூட்டை எடுத்து ஜன்னல் கம்பியில் டக் டக்கென்று தட்டினார். "இன்னா சார் இது, தெனம் பேஜாரா கீது. சண்டை போடணும்னா டெல்லில போடற மாதிரி ஒரு முறையா போடுங்க" என்றார். மறுநாளே சீட்டு எழுதிக் குலுக்கினோம். ஆளுக்கொரு மாநிலம். அந்த மாநிலத்து உறுப்பினர்கள் யார், யார் மந்திரி ஆனார், யார் இறந்தார், இடைத்தேர்தலில் யார் வந்தார், எல்லாம் அவரவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்கு உத்தரப்பிரதேசம் வந்தது, எண்பது பேர். எழும்பூர்ப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தும் டேனியல் சாருக்குச் சிக்கிம், ஒரே ஒருவர்.

பாயைச் சபாநாயகர் ஆக்குவதில் எதிர்ப்பே இல்லை. அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் காரணம். கேட்டால், "அத வூட்லயே வச்சிட்டுத்தான் ரயில் ஏறுறேன்" என்பார். துணை சபாநாயகரை எதிர்த்தரப்பிலிருந்து எடுப்பதுதான் டெல்லி வழக்கம் என்று சொல்லி, எதற்கெடுத்தாலும் எதிர்க்கும் என்னை அந்தப் பதவியில் உட்கார வைத்தார். அதன் பிறகு என் குரல் கொஞ்சம் இறங்கியது என்று டேனியல் சார் சொல்வதுண்டு.

அவருடைய ஞானத்துக்கு ஓர் உதாரணம். மக்களவைக்கு அவை முன்னவர் பிரதமர்தான் என்று நான் ஒருநாள் பல்லாவரத்திலிருந்து கிண்டி வரை தொண்டை கிழியக் கத்தினேன். பாய் கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை பிரதமர் மேலவை ஆளு சார். அதனால இங்க முன்னவர் வேற மந்திரி. ரூலிங் குடுக்க மாட்டேன், நீங்களே பேப்பர் பாத்துட்டு நாளைக்குச் சபைல சொல்லுங்க." பார்த்தேன். சொன்னேன். பெட்டி முழுக்க சீட்டைத் தட்டிச் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்காமல், "உறுப்பினர் திருத்தம் ஏத்துக்கப்படுது" என்று சபை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இனிச் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை இல்லை. ஒருநாள் டேனியல் சார் வகுப்பு எடுப்பதுபோல் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு சீட்ட வச்சுகினு எண்பது பேர் வாய அடைக்கிறீங்களே. வீட்ல கேக்க ஆளில்லன்னா இங்க வந்து பேசுறதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் மாம்பலத்தில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார். பாய் கூட்டைத் தட்டி, "அவைக்குறிப்பிலேர்ந்து நீக்கப்படுது" என்றார். பிறகு என் காதருகே குனிந்து, "நோட்டுலேர்ந்து நான் எடுத்துட்டேன். அவர் மனசுலேர்ந்து நீங்கதான் எடுக்கணும்" என்றார்.

நான் எடுக்கவில்லை. என் வறட்டுக் கௌரவம் விடவில்லை. டேனியல் சார் முதல் பெட்டியில் போய்க்கொண்டிருந்தார். பாய் மட்டும் தினமும் வருகை நோட்டில் சிக்கிமுக்கு நேரே ஒரு கோடு போட்டு வந்தார். அனுமதி வாங்காமல் அறுபது நாள் வராத உறுப்பினரின் இடத்தைக் காலி என்று சபை அறிவிக்கலாம் என்பது நிஜமான சட்டம். ஐம்பத்தெட்டாவது கோட்டைப் போட்டுவிட்டுப் பாய் அறிவித்தார்: "இன்னும் ரெண்டு நாள் கீது. லீவு கேட்டு லெட்டர் வந்தா சீட்டு தப்பும், வரலன்னா இடைத்தேர்தல்தான்." என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பல்லாவரத்தில் இறங்கி முதல் பெட்டிக்கு ஓடினேன். ரயில் நகர்ந்த பிறகுதான் கம்பியைப் பிடித்தேன். வாசலில் நின்றிருந்த டேனியல் சார்தான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"நான் பேசுனது பெரிய தப்பு சார். மன்னிச்சிடுங்க. லீவ் லெட்டர் ஒண்ணு எழுதிக் குடுங்க, இல்லன்னா சிக்கிம் போயிடும்."

பரங்கிமலை வந்ததும் அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"காரணம்னு ஒண்ணு எழுதணுமே?"

"உங்க இஷ்டம் சார்."

நான் கொண்டுவந்த கடிதத்தைப் பாய் மறுநாள் உரக்க வாசித்தார். "காரணம்: துணை சபாநாயகருக்குத் தெரியும்." பிறகு முறைப்படி கேட்டார்: "விடுப்பு குடுக்க யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கடுத்த நாள் டேனியல் சார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கிம் பற்றி நுங்கம்பாக்கம் வரை பேசினார். நானும் கேட்டேன்.

2009 தேர்தலுக்குப் பிறகு புதிய சபை அமைத்தோம். டேனியல் சார் சபாநாயகர், நான் மறுபடியும் துணை. பாய்க்குக் குலுக்கலில் லட்சத்தீவு வந்தது. "அப்பாடா, இனிமே நானும் கத்தலாம்" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். கத்தவும் செய்தார், நாங்கள் ரசித்தோம். மழைக்காலம் வருவதற்குள் சிறுநீரகம் கெட்டு, மேற்குத் தாம்பரம் வீட்டோடு முடங்கினார். அவர் போவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, பார்க்கப் போனேன். இளைத்திருந்தார், கண்ணில் மட்டும் குறும்பு அப்படியே இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அம்பத்தாறு நாள் ஆச்சு. எனக்குன்னு சலுகை கிலுகை குடுத்துடாதீங்க. சபைல வச்சு முறையா அனுமதி வாங்குங்க." திங்கட்கிழமை சபையில் வைப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் கொடுத்த அந்தக் கடிதத்தை டேனியல் சார் சபையில் வாசித்தார். உடல்நலக் குறைவு என்று ஒரு வார்த்தை இல்லை. "காரணம்: துணை சபாநாயகருக்குத் தெரியும்" என்றுதான் எழுதியிருந்தார். எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டேனியல் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "உறுப்பினர் வஹாப் அவர்களுக்கு விடுப்பு கொடுக்க யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

"எனக்கு இருக்கு" என்றேன்.

யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. டேனியல் சார் கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அது இன்றும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வருகை நோட்டு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. லட்சத்தீவுக்கு நேரே ஐம்பத்தாறு கோடுகள் இருக்கின்றன. அதற்கு மேல் நான் போடவில்லை.