அறுபத்தொரு பேரிடம் கேட்ட கேள்வி

ஷோரூமில் எல்லோரும் அவளை 'டேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வந்தாலும் வருவாள், கைப்பையில் அளவு டேப் இல்லாமல் வர மாட்டாள். கார் வாங்க நினைக்கிறவரின் வீட்டுக்கே போய், கேட்டின் அகலத்தை அளந்து, வண்டி உள்ளே நுழையுமா, நுழைந்தபின் கதவைத் திறந்து இறங்க இடம் இருக்குமா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்குவாள். தையல் மெஷின் விற்று ஆரம்பித்தவள். பிறகு ஸ்கூட்டர், அதற்குப் பிறகு சின்னக் கார்கள். நாற்பத்தைந்து வயதில் விலை உயர்ந்த கார்கள் விற்கும் இந்த ஷோரூமுக்கு வந்தபோது, "இங்க வர்றவங்ககிட்ட டேப்பை எல்லாம் நீட்டாதீங்க, மதிப்பா இருக்காது" என்றார் மேனேஜர். சரி என்று தலையாட்டினாள். ஆனால் டேப்பை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

அவள் சேர்ந்த இரண்டாம் வருடம் கம்பெனி 'மகுடம்' காரை மறுபடி கொண்டுவந்தது. முப்பது வருடங்களுக்கு முன்னால் தயாரிப்பு நின்றுபோன கார் அது. அந்தக் காலத்தில் நீதிபதிகளும் ஆலை முதலாளிகளும் பின்சீட்டில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு போவார்கள். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாய் பிளந்து நிற்பார்கள். அதே பெயர், முகப்பில் அதே சின்னக் கிரீடம். புது வண்டியை ஷோரூமின் நட்டநடுவில் விளக்குப் போட்டு நிறுத்தி, விற்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள்.

முதல் மாதம் கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் பானெட்டைத் தடவினார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "எங்கப்பா இந்த வண்டிக்கு டிரைவரா இருந்தாரும்மா" என்று ஒருவர் கண் கலங்கினார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தவர்கள், சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அவளிடம் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். நாலு மாதம் ஆகியும் ஒரு வண்டி நகரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"தலைமை ஆபீஸ்ல இருந்து ஆள் வர்றார். வண்டி நல்ல வண்டி, விக்கிறவங்களுக்குத்தான் விக்கத் தெரியலைன்னு அங்க பேச்சு. மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணாவது போகலைன்னா மகுடம் பிரிவையே மூடிடுவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு வருடமாக விற்கிறாள். விற்கத் தெரியவில்லை என்ற சொல்லை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"சரி, வாங்காதவங்க என்ன சொல்றாங்க?"

"யோசிச்சு சொல்றேங்கறாங்க."

"அது தப்பிச்சுப் போறதுக்குச் சொல்றது. நெஜமா என்ன சொல்றாங்க? கேட்டியா?"

அவள் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. 'எப்போது வாங்குகிறீர்கள்' என்றுதான் ஷோரூமிலிருந்து போன் போகுமே தவிர, 'ஏன் வாங்கவில்லை' என்று ஒரு போன் போனதில்லை.

மறுநாளே வருகைப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தாள். மகுடத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் மட்டும் அறுபத்தொரு பேர். முதல் எண்ணை அழுத்தினாள்.

"நான் எதையும் விக்கக் கூப்பிடலைங்க. நீங்க அந்த வண்டியை வேண்டாம்னு விட்டதுக்குக் காரணம் மட்டும் சொல்லுங்க. மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பாதிப் பேர் முதலில் மழுப்பினார்கள். அவள் விடவில்லை. போனில் பிடிகொடுக்காதவர்களை நேரில் போய்ப் பார்த்தாள். பல் மருத்துவர் ஒருவரின் வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும், "பல்லு நல்லா இருக்குங்க, ஒரே ஒரு கேள்வி" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "எங்கப்பா ஆசைப்பட்ட வண்டிம்மா அது. அவரால வாங்க முடியல. என்னால முடியும், ஆனா அது அவரோட ஆசை, என்னோடது இல்லையே" என்றார்.

கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே வேறொன்றைச் சொன்னார். "ஒரு தடவை பாதியில விட்டுட்டுப் போனவங்கதானே? எங்க மாமா அந்தப் பழைய வண்டிக்கு ஒரு கண்ணாடி தேடி மூணு வருஷம் அலைஞ்சார். இவங்க மறுபடியும் நிறுத்தினா நான் எங்க போய் நிக்கிறது?"

தனக்கென்று டிரைவர் வைத்திருக்கும் ஒரு வக்கீலம்மா நாலே வார்த்தையில் முடித்தாள். "பின்னாடி உக்காந்தா முட்டி இடிக்குது."

அன்று மதியம் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு மகுடத்தின் பின்சீட்டில் ஏறினாள். மேனேஜர் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சர்வீஸ் பிரிவு மெக்கானிக்கிடம் பழைய மகுடம் ஒன்று ரிப்பேருக்குக் கிடந்தது. அதையும் அளந்தாள். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் பழையதைவிடப் புதியதில் ஒரு சாண் குறைவு. "கிரீடம்தான்க்கா புதுசு. அடியில இருக்கிறது இவங்களோட சின்னக் காரோட ஃபிரேம்தான்" என்றார் மெக்கானிக். பின்சீட்டுக்காகவே பேர் வாங்கிய வண்டியில் பின்சீட்டையே சுருக்கியிருந்தார்கள்.

மூன்று வாரத்தில் அறுபத்தொரு பேரில் ஐம்பத்தெட்டுப் பேரின் பதில் கையில் இருந்தது. மூன்று பேர் கடைசிவரை போனை எடுக்கவில்லை.

தலைமை அலுவலக அதிகாரி வந்தார். ஆள் நல்ல உயரம். கணினியில் படம் படமாகக் காட்டினார். மக்கள் மனதில் மகுடம் இன்னும் வாழ்கிறது என்றார். உற்சாகமாக விற்க வேண்டும் என்றார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் எழுந்தாள்.

"சார், ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? வண்டியிலேயே போய்ட்டு வந்துடலாம். நீங்க பின்னாடி உக்காருங்க."

மேனேஜர் கண்ணால் கெஞ்சினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முன்சீட்டில் மேனேஜரை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டினாள். சந்தைச் சாலை, பாலம், சிக்னல் என்று நெரிசலுக்குள்ளேயே கொண்டுபோனாள். இருபதாவது நிமிடம் அதிகாரி காலை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டார். நாற்பதாவது நிமிடம், "முன்சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ள முடியுமா?" என்றார்.

"இதுக்கு மேல போகாது சார். எனக்கு முட்டி டேஷ்போர்டுல இடிக்குது" என்றார் மேனேஜர் பரிதாபமாக.

சிக்னலில் வண்டி நின்றது. அவள் கண்ணாடியில் அதிகாரியைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீட்டுல என்ன வண்டி நிக்குது?"

அவர் காலை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த பிறகு, "இது இல்ல" என்றார்.

திரும்பி வந்ததும் ஐம்பத்தெட்டுப் பதில்களையும் அவர் முன்னால் வைத்தாள். "மனசுல வாழுதுன்னு சொன்னீங்க. உண்மைதான். ஆனா மனசுல வெச்சிருக்கிறவங்க பணம் வெச்சிருக்கலை. பணம் வெச்சிருக்கிறவங்களுக்கு மனசுல வேற வண்டி. ரெண்டும் இருக்கிற கொஞ்ச பேர் பின்னாடி ஏறி உக்காந்ததும் இறங்கிடறாங்க. எங்களுக்கு விக்கத் தெரியலைன்னு எழுதறதா இருந்தா, இதையும் சேர்த்து எழுதுங்க."

அதிகாரி தாள்களைப் புரட்டினார். கோபப்படவில்லை. "இந்த வண்டியை இனிமே மாத்த முடியாது" என்றார்.

"மாத்த வேண்டாம். பத்து வருஷத்துக்கு உதிரி பாகம் கிடைக்கும்னு கம்பெனி முத்திரையோட எழுதிக் கொடுங்க. இருக்கிற வண்டிக்கு ஏத்த ஆளை நான் தேடிக்கறேன்."

அந்தக் கடிதம் வர ஐந்து வாரம் ஆனது. வாரம் இரண்டு முறை போன் போட்டு அவர் உயிரை எடுத்துத்தான் வாங்கினாள். அதுவரை பிரிவை மூடுவதையும் அதிகாரி தள்ளிவைத்திருந்தார். பிறகு பின்சீட்டுக்கு ஆளே இல்லாத வீடுகளாகத் தேடினாள். குறையை முதலில் சொன்னாள். "பின்னாடி உயரமானவங்க உக்காந்தா உங்களைத் திட்டுவாங்க. முன்னாடி ரெண்டு பேருக்குன்னா இதைவிட சுகமான வண்டி கிடையாது." முதல் வண்டியை வாங்கியது, கல் உடைக்கும் ஆலை நடத்தும் ஒரு பெண். ஐந்தடிகூட இருக்க மாட்டாள். தானே ஓட்டுகிறவள். "இத்தனை கடை ஏறி இறங்கிட்டேன். குறையைச் சொல்லி விக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வருடம் மொத்தம் ஏழு போயிற்று. மற்ற ஷோரூம்களில் இரண்டு, ஒன்று, சில இடங்களில் சுத்தமாக இல்லை.

ஏழு வண்டியால் ஒரு மாடலைக் காப்பாற்ற முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அடுத்த வருடம் கம்பெனி மகுடத்தை நிறுத்தியது. அறிவிப்பு வந்த அன்றே ஏழு பேருக்கும் அவளே போன் செய்து சொன்னாள். ஒப்பந்தக்காரர் கேட்டதையே கேட்டு அவர்களில் இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு, முத்திரை வைத்த கடிதத்தின் நகலை ஏழு வீட்டுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிரிவு மூடப்பட்டது, வேலை போகவில்லை. மேனேஜர் அவளை மற்ற வண்டிகளுக்கு மாற்றினார். சொல்லாமல் கொள்ளாமல் வருகைப் பதிவேட்டில் கோடு கிழித்துப் புதிதாக ஒரு பத்தியும் சேர்த்திருந்தார். 'வாங்காத காரணம்' என்று மேலே எழுதியிருந்தது. "இதை யார் நிரப்பறது?" என்று விற்பனைப் பையன்கள் முணுமுணுத்தார்கள்.

"குடுங்க இப்படி" என்று அவள் பதிவேட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.